நகராது என்று சொன்னவர்

மடக்குக் கத்தி செய்கிறவர் என்பதால் அவருக்கு 'மடக்கு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, மின்கட்டண ரசீதில். கத்திக்காரர்களிடம் போய் அந்தப் பெயரைச் சொன்னால், "யாரு, புதுசா?" என்பார்கள். மடக்கு என்று சொல்லிப் பாருங்கள், கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

ஆளைப் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கெட்ட மனுஷன் கிடையாது. பக்கத்து வீட்டில் குழாய் ஒழுகினால் யாரும் கூப்பிடாமலே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போகிறவர். பேருந்தில் எழுந்து இடம் கொடுக்கிறவர். அயோக்கியன் என்றால் நாலு திட்டுத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம். இவரைத் திட்டவும் வாய் வரவில்லை, சும்மா விடவும் மனசு வரவில்லை. அதுதான் தொல்லை.

கத்திக்கு வருவதற்கு முன் அவர் லிஃப்ட் மெக்கானிக். பாதி ஆயுள் லிஃப்ட் கூண்டுக்கு மேலே கிரீஸோடு போனது. லிஃப்ட் ஓடினால் அவரை யாரும் நினைக்க மாட்டார்கள். நின்றுவிட்டால் மட்டும், "எங்கய்யா அந்த மெக்கானிக்?" என்று மாடிக்கு மாடி கத்துவார்கள். எத்தனையோ பேர் அவர் காலுக்குக் கீழே ஏறி இறங்கியிருக்கிறார்கள், ஒருவருக்கும் அவர் முகம் தெரியாது. அது அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. வெளியே சொன்னதில்லை. சொன்னால் மனைவி சிரிப்பார் என்று பயம்.

ஒருநாள் உடைந்த ரம்பத் தகடு ஒன்றை வெட்டித் தேய்த்து ஒரு கத்தி செய்துகொண்டு வந்தார். மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை வெச்சு வெண்ணெயை வெட்டினா வெண்ணெய்தான் ஜெயிக்கும்" என்றார். அவ்வளவுதான், மனுஷனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அந்த ரோஷத்தில் ஆரம்பித்ததுதான் எல்லாம். பின்னாளில் அதே மனைவிதான் அவர் செய்கிற ஒவ்வொரு கத்திக்கும் தோல் உறை தைத்தார். தையல் அவ்வளவு நேர்த்தி. சிலர் உறைக்காகவே கத்தி வாங்கினார்கள், இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

சொந்தமாகக் கத்தி செய்கிறவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு லேத் பட்டறையின் பின்கொட்டகையில் கூடுவார்கள். கூட்டம் என்றால் ஏதோ மாநாடு என்று நினைக்க வேண்டாம். ஏழெட்டுப் பேர், நாலு முக்காலி, ஒரு ஃபிளாஸ்க் டீ. அங்கே ஒரே ஒரு வழக்கம்தான் உண்டு. புதிதாக எதையாவது கண்டுபிடித்தவர் அதைக் கொண்டுவந்து எல்லார் எதிரிலும் செய்துகாட்ட வேண்டும். செய்துகாட்டி முடித்ததும், "கேளுங்க" என்று சொல்ல வேண்டும். கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொல்ல வேண்டும். 'வித்தையை ஒளிச்சு வெச்சா துருப்பிடிச்சுப் போகும்' என்பது அவர்கள் பேச்சு. எழுதி வைத்த சட்டம் ஒன்றும் கிடையாது, எழுதி வைக்கத் தேவையும் வந்ததில்லை.

மடக்கு அங்கே வெறுங்கையோடு போனவர். பெல்ட் மெஷினில் அலகைச் சரித்துப் பிடித்துச் சீவுவது, பட்டறைக்குச் சொந்தக்காரரான தொந்திக்காரர் காட்டியது. உலையில் காய்ச்சி எண்ணெயில் முக்குவது, பேக்கரி அடுப்பு ரிப்பேர் பார்க்கிற ஒருவர் காட்டியது. மெருகு போடுவது 'கண்ணாடி' என்கிற ஒருவன் காட்டியது.

இந்தக் கண்ணாடியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை இல்லை. மடக்கைவிட நாலைந்து வயது சின்னவன். அவன் மெருகு போட்ட அலகில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அதனால் அந்தப் பெயர். வாய் ஓயாமல் பேசுவான், கை அதைவிட வேகம். மடக்குக்கு மெருகு வரவில்லை என்று தெரிந்ததும், மெருகு போடுகிற தன் பஃபிங் மெஷினையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். "அண்ணே, இந்த உப்புத்தாள்ல குறுக்கே தேய்ங்க. அடுத்த தாள்ல நெடுக்கே. முன்னாடி தேச்ச கோடு ஒண்ணுகூட மிச்சம் இல்லைன்னு பார்த்துட்டுதான் அடுத்ததுக்குப் போகணும். அவசரப்பட்டீங்க, கடைசியில பல்லிளிச்சிடும்." பக்கத்திலேயே உட்கார்ந்து, இவர் தேய்க்கத் தேய்க்கப் பார்த்துக்கொண்டிருந்தான். இவருக்குக் கைவந்த பிறகுதான் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனான். அவனுக்குச் சோறு போட்டதே அந்த மெருகுதான். அதைத் தூக்கி இன்னொருவர் கையில் கொடுக்கிறோமே என்று அவனுக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை.

மடக்குக் கத்தியில் உயிர் எங்கே இருக்கிறது என்றால் பூட்டில். கத்தியை விரித்ததும் கைப்பிடிக்குள்ளிருந்து ஒரு வில்தகடு குறுக்கே வந்து அலகின் அடியை முட்டிக்கொண்டு நிற்கும். அது நிற்கிறவரை அலகு மடங்காது. நழுவினால் அலகு விரல்மேல் மடங்கும். அந்த வில்தகட்டின் நுனியில் ஒரு சின்ன பேரிங் குண்டைப் பதித்து, அந்தக் குண்டு உட்கார அலகின் அடியில் ஒரு குழி போட்டால் என்ன என்று மடக்குக்கு ஒருநாள் தோன்றியது. லிஃப்ட் கதவின் கொக்கிகளோடு மாரடித்த மூளை அல்லவா. செய்து பார்த்தார். நழுவியது. மறுபடி செய்தார், மறுபடி நழுவியது. காய்ச்சி எண்ணெயில் முக்கும்போது இரும்பு மயிரிழை அளவு அசைகிறது, குழியும் கூடவே அசைகிறது என்று கண்டுபிடிக்கவே அவருக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. முக்கி எடுத்த பிறகு, அதே அளவுக் குண்டு ஒன்றை ஒரு கம்பி நுனியில் ஒட்டி, வண்டி வால்வுக்குத் தேய்க்கிற பேஸ்ட்டைத் தடவி, குழியை இன்னொருமுறை லேசாகச் சாய்த்துக் கடைய வேண்டும். அந்தக் கடைசிக் கடைசல்தான் சூட்சுமம். அது இருந்தால் கல்லை வைத்து அடித்தாலும் பூட்டு அசையாது. அது இல்லாவிட்டால் அமுக்கும்போது நிற்கும், முறுக்கும்போது நழுவும்.

ஒரு கண்காட்சியில் அந்தக் கத்தியைப் பார்த்த கம்பெனிக்காரர் ஒருவர் மடக்கைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், இதுக்குப் பேட்டன்ட் வாங்குங்க. நாங்க எடுத்துக்கறோம். உங்க பேரையே பூட்டுக்கு வைக்கலாம். ஆனா ஒண்ணு, பதிவு பண்றதுக்கு முன்னாடி யாருக்கும் முழுசா காட்டிடாதீங்க. காட்டிட்டா செல்லாது."

உங்க பேரையே. அதைக் கேட்டதும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. யாருக்கும் முகம் தெரியாமல் கூண்டுக்கு மேலே குந்தியிருந்தவர் பெயர் ஊரெல்லாம் இருக்கிற கத்திகளில் இருக்கப்போகிறது. ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. நீங்களும் நானும் ஆசைப்பட மாட்டோமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டம் வந்து தொலைத்தது. கண்காட்சியில் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? "மடக்கு, இன்னிக்கு உன் முறைதான். கொண்டா அந்தப் பூட்டை!" என்று தொந்திக்காரர் தோளைத் தட்டினார். இப்போது அவர் என்ன செய்திருக்க வேண்டும்? "பதிவு பண்ணப் போறேன், இப்போ காட்ட முடியாது" என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். கேலி செய்திருப்பார்கள். ரெண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். அதோடு போயிருக்கும். ஆனால் எல்லாரிடமும் வாங்கித் தின்றுவிட்டு, தன் முறை வரும்போது இலையை மடிக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. நல்லவன் என்ற பெயரும் போகக்கூடாது, பேட்டன்ட்டும் போகக்கூடாது. பாம்பும் சாகக்கூடாது, தடியும் உடையக்கூடாது.

அதனால் காட்டினார். குண்டைப் பதிப்பதைக் காட்டினார், குழி போடுவதைக் காட்டினார். காய்ச்சாத அலகில் போட்டுக் காட்டி, "இதுக்கப்புறம் வழக்கம்போல காய்ச்சி முக்கிட வேண்டியதுதான்" என்று முடித்தார். கடைசிக் கடைசலைப் பற்றி மூச்சு விடவில்லை. பிறகு, "கேளுங்க" என்றார். அந்தச் சொல்லைச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

கண்ணாடி முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் வந்தான். லென்ஸைக் கண்ணில் வைத்துக் குழியைப் பார்த்தான்.

"அண்ணே, ஒரே ஒரு சந்தேகம். குழியை மொதல்ல போட்டுட்டு அப்புறம் முக்கறோம். இரும்பு கொஞ்சம் அசையுமே, குழி நகராதா?"

பாவி, சரியான இடத்தில் விரலை வைத்துவிட்டான். எல்லாரும் மடக்கின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நகராது," என்றார். "நகர்றதுக்கு அது என்ன, ரயில்வண்டியா?"

கொட்டகையே சிரித்தது. கண்ணாடிதான் அதிகம் சிரித்தான். "அதானே! என் மூளை எங்க போச்சு!" என்று தன் தலையிலேயே தட்டிக்கொண்டான்.

பேட்டன்ட் பதிவு செய்ய மடக்கு போன வக்கீல் அம்மாவின் அலுவலகத்தில் நல்ல குளிர். கண்ணாடி மேஜை, அதன்மேல் மடக்குக் கத்தி. அந்த அம்மா கேட்டார்: "இதை வெளியில யாருக்காவது முழுசா காட்டிருக்கீங்களா, சார்?"

"காட்டினேன். ஆனா முக்கியமானதைக் காட்டலை."

"எது முக்கியம்?"

மடக்கு மடமடவென்று சொன்னார். எந்தப் பேஸ்ட், எவ்வளவு சாய்வு, எத்தனை சுற்று, எப்போது நிறுத்த வேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னார். அந்த அம்மா ஒரு கத்தியால் ஒரு பழத்தைக்கூட ஒழுங்காக வெட்டியிருக்க மாட்டார், அவருக்கு எல்லாம் சொன்னார். அவர் தட்டச்சு செய்து முடித்துவிட்டு நிமிர்ந்து, "நல்ல வேளை, சார். இதை மட்டும் காட்டிருந்தீங்கன்னா கையை விரிச்சிருப்பேன். சாமர்த்தியமா நடந்துக்கிட்டீங்க" என்றார். மடக்குக்கு அன்று பெருமையாகத்தான் இருந்தது. வெளியே வந்து ஒரு டீ குடித்தார். டீ நன்றாக இருந்தது என்று மனைவியிடம்கூடச் சொன்னார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் கண்ணாடியின் மனைவி போன் செய்தார். மருந்துக்கடையில் வேலை செய்கிறவர், எதற்கும் பதறாதவர். அன்று குரல் நடுங்கியது. "அண்ணா, அவரு கையை வெட்டிக்கிட்டாரு. ஆஸ்பத்திரியில இருக்கோம்."

"எந்தக் கத்திம்மா?" என்று கேட்டார் மடக்கு.

"அதென்னண்ணா கேள்வி? எந்தக் கைன்னு கேக்க மாட்டீங்களா?"

போனை வைத்துவிட்டு அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், அவருக்குக் குறுகுறுக்கவில்லை, இடித்தது. மனைவி வந்து உலுக்கிய பிறகுதான் சட்டையை மாட்டினார்.

கண்ணாடி கட்டிலில் சாய்ந்திருந்தான். வலது கையில் மணிக்கட்டுவரை கட்டு. ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நரம்பு அறுந்து தைத்திருக்கிறது, இனி பழையபடி மடங்குவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மடக்கைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"படுடா, படு."

"மன்னிச்சிடுங்கண்ணே."

"நீ எதுக்குடா மன்னிப்பு கேக்கற?"

"உங்க பூட்டைக் கெடுத்துட்டேன். அமுக்கிப் பார்த்தேன், நின்னுச்சு. முதுகுல தட்டிப் பார்த்தேன், நின்னுச்சு. கயித்தை வெட்டும்போது லேசா முறுக்கினேன், அவ்வளவுதான், மடங்கிடுச்சு. குழியை எங்கயோ தப்பா போட்டிருக்கேன். தொந்திகிட்டயும் சொல்லிட்டேன், மடக்கண்ணன் பூட்டுல ஒரு குறையும் இல்ல, தப்பு என் கையோடதுன்னு. யாரும் உங்களைத் தப்பா பேசிடக்கூடாதில்ல."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. கொண்டுபோன ஆரஞ்சுப் பையை மேஜைமேல் வைத்துவிட்டு, "உடம்பைப் பார்த்துக்கோ" என்றார். அதைச் சொல்லிவிட்டு மாடிப்படியில் இறங்கி வந்தார். லிஃப்ட் இருந்தது. லிஃப்ட்டில் கண்ணாடி இருக்கும், தன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று படியில் இறங்கினார்.

மற்றவர்களுக்குப் போன் செய்து, "அந்தப் பூட்டை இப்போ யாரும் செய்யாதீங்க, சின்ன மாத்தம் ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டார். அந்த அளவுக்காவது புத்தி இருந்தது. நல்ல வேளையாக வேறு யாரும் இன்னும் ஆரம்பித்திருக்கவில்லை. "பொறுப்பான ஆளய்யா நீ" என்றார் தொந்திக்காரர். இந்த மாதிரிப் பாராட்டுக்குச் செருப்படி எவ்வளவோ மேல்.

இதற்கு நடுவில் கம்பெனிக்காரர்கள் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார்கள். பூட்டைச் செய்யும் உரிமை இனி அந்தக் கம்பெனிக்கு மட்டும்தான், மடக்கு தன் கையால் தனக்கென்று செய்துகொள்ளலாம், வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. "பூட்டு நல்லா நிக்குமில்ல, சார்?" என்று கேட்டார் வந்தவர். "நிக்கும்" என்றார் மடக்கு. கையெழுத்துப் போட்டார். ஏன் போட்டார் என்று என்னைக் கேட்காதீர்கள். போடாவிட்டால் பொய் சொன்னது வீணாகப் போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ. பொய்யையும் சொல்லிவிட்டு, அதன் பலனையும் விட்டால் எப்படி என்று மனசு ஒரு கணக்குப் போடும், அந்தக் கணக்கு எப்போதும் தப்பாகத்தான் வரும்.

மனைவிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெயர் கிடைக்கப்போகிறது என்று ஆளே பறந்துகொண்டிருக்க வேண்டிய நேரம். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறார்.

"என்னங்க, கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா சோறு இறங்கலை?"

மெல்ல மெல்லச் சொன்னார். சொல்லும்போதே வழுக்கினார். "நான் ஒண்ணும் பொய் சொல்லலை. ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லாம விட்டேன், அவ்வளவுதான்."

"அவரு கேட்டாரா, கேக்கலையா?"

"கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

மடக்கு தட்டைத் தள்ளி வைத்தார்.

"அப்போ பொய்தான்," என்றார் மனைவி. தட்டை எடுத்துக்கொண்டு போனவர், திரும்பி வந்து நின்றார். "நம்ம வீட்டுக்கு மெஷினைத் தூக்கிட்டு வந்த மனுஷன். இந்தக் கையாலதானே அவருக்கு நான் சோறு போட்டேன். எனக்கே கூசுதுங்க." அதற்குப் பிறகு பல நாள் அவர் அதிகம் பேசவில்லை. உறையில் துளை போடுகிற ஊசியைத் தட்டும் சத்தம் மட்டும் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. ஏதாவது திட்டித் தொலைக்க மாட்டாளா என்று இருந்தது மடக்குக்கு.

அப்புறம் கண்ணாடியே கூப்பிட்டான். "அண்ணே, பஃபிங் மெஷின், பெல்ட் மெஷின் ரெண்டையும் கொடுத்திடலாம்னு இருக்கேன். சாயங்காலம் ஒருத்தர் பார்க்க வர்றாரு. அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை வந்துட்டுப் போங்க. உங்களுக்கு வேணும்னா எடுத்துக்குங்க, தெரியாத கைக்குப் போறதைவிட அது தேவலை."

போனார். கண்ணாடியின் பட்டறை வீட்டோடு ஒட்டிய ஒரு தகரச் சார்ப்பு. மெஷின்களைத் துடைத்து, பெல்ட்டுகளைக் கழற்றிச் சுருட்டி வைத்திருந்தான். சுவரில் கருவிகள் மாட்டியிருந்த இடங்களில் வெறும் ஆணிகள். மேஜையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதன் கீழே அந்தக் கத்தி, பக்கத்தில் லென்ஸ்.

கண்ணாடியின் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். "நீங்களாவது சொல்லுங்கண்ணா. நாள் பூரா அந்தக் கத்தியைத்தான் விரிக்கறாரு, மடக்கறாரு, லென்ஸ் வெச்சுப் பார்க்கறாரு. குடோன்ல வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வெச்சிருக்காரு. இவரு அங்க ராத்திரி முழுக்க வாயை மூடிக்கிட்டு உக்காருவாரா?"

"டாக்டர் என்னடா சொன்னாரு? விரல் தேறிடாதா?" என்றார் மடக்கு.

"விரலுக்காக இல்லண்ணே. ரெண்டு விரல் மடங்கலைன்னாலும் மிச்சத்தை வெச்சுப் பொழைச்சுக்கலாம். எனக்கு என் கண்ணு மேலதான் நம்பிக்கை போச்சு." கண்ணாடி கத்தியை எடுத்து இடது கையால் நீட்டினான். "நீங்க காட்டினபடிதான் செஞ்சேன். ஒண்ணுகூட மாத்தலை. ஆனா குண்டு குழியில உக்காரலை, விளிம்புலதான் நிக்குது. போடும்போது சரியாதான் தெரிஞ்சுது. சரியா இருக்கற மாதிரி தெரிஞ்சு தப்பா இருந்தா, அப்புறம் நான் செஞ்ச எந்தக் கத்தியை நம்பறது? நாளைக்கு வாங்கினவன் கையை வெட்டும். என்ன தப்பு பண்ணேன்னு மட்டும் பார்த்துச் சொல்லிடுங்கண்ணே. தெரிஞ்சுக்கிட்டா நிம்மதியா விட்டுட்டுப் போயிடுவேன்."

மடக்கு கத்தியை வாங்கினார். குழி அழகாக இருந்தது. அவர் போட்டதைவிட அழகாக இருந்தது. கத்தியை மேஜையில் வைக்கப்போய், டீ டம்ளரில் இடித்து டீ கொட்டியது.

"தப்பு உன்னோடது இல்லடா."

"சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதீங்கண்ணே."

"ஆறுதல் இல்ல. குழி நகரும். நீ அன்னிக்குக் கேட்டியே, நகராதான்னு. நகரும். முக்கினதுக்கு அப்புறம் இன்னொரு தடவை கடையணும். எனக்கு அது தெரியும். தெரிஞ்சேதான் நகராதுன்னு சொன்னேன். பேட்டன்ட் போயிடும்னு சொன்னேன்டா."

சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அடிக்கட்டும், சட்டையைப் பிடிக்கட்டும், வெளியே போ என்று சொல்லட்டும் என்று காத்திருந்தார். எதற்கும் தயாராகத்தான் இருந்தார்.

கண்ணாடி அவரையே பார்த்தான். பிறகு அவன் முகம் மெல்ல மெல்ல மாறியது. கண் கலங்கியது, உதடு துடித்தது, சிரித்தான்! சத்தியமாகச் சிரித்தான்.

"ஏய், இங்க வாடீ! என் கண்ணு சரியாதான் இருக்காம்! நான் ஒண்ணும் தப்பு பண்ணலையாம்! நான் கேட்டதுகூடச் சரியான கேள்விதானாம்!" கட்டுப்போட்ட கையால் மேஜையைத் தட்டப்போய், வலியில் ஆவென்று கத்தி, அதற்கும் சிரித்தான். "அப்பாடா! இத்தனை நாளா செத்துப் பொழைச்சேன்டீ!" உடனே போனை எடுத்து, மெஷின் பார்க்க வருகிறவரிடம், "வேண்டாங்க, விக்கலை, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டான்.

அவனுக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷத்தில் கோபத்துக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. மடக்கால் அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு கணக்கைத் தீர்த்திருப்பார். இந்தச் சிரிப்பை எங்கே கொண்டு வைப்பது? பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

கண்ணாடியின் மனைவி கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரிக்கு வந்தப்போ உங்களுக்குத் தெரியுமாண்ணா?" என்றார்.

"தெரியும்மா."

"அதான் எந்தக் கத்தின்னு கேட்டீங்க." அவ்வளவுதான் சொன்னார். கொட்டிய டீயைத் துணியால் துடைத்து, பாதி இருந்த டம்ளரையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"அவளை விடுங்கண்ணே. எப்படிக் கடையணும், காட்டுங்க," என்றான் கண்ணாடி. அவன் கை மடங்காததால் மடக்கே செய்தார். கம்பி நுனியில் குண்டை ஒட்டினார், பேஸ்ட் தடவினார், சாய்த்துப் பிடித்துச் சுற்றினார். கண்ணாடி லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் சாய்க்கணுமா? எப்போ நிறுத்தணும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மடக்கு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். குழியைத் துடைத்து, குண்டை உட்கார வைத்து, முறுக்கிப் பார்த்தார்கள். அசையவில்லை. "அடேங்கப்பா!" என்றான் கண்ணாடி. "என்ன பூட்டுண்ணே இது! அருமை!"

மனசாரத்தான் சொன்னான். பெல்ட்டுகளை எடுத்து மறுபடி மெஷினில் மாட்ட ஆரம்பித்தான், இடது கையால், தட்டுத் தடுமாறி. மாட்டிக்கொண்டே, ஏதோ ஞாபகம் வந்தவன்போல நிமிர்ந்தான்.

"ஏண்ணே, பேட்டன்ட்னு சொன்னீங்களே. அப்போ நான் இதைச் செய்யலாமில்ல?"

குத்திக்காட்டவில்லை. தெரியாமல்தான் கேட்டான். அந்தக் கொட்டகையில் இத்தனை வருஷத்தில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி அது. மடக்கு, "செய்டா, உனக்கில்லாததா" என்று வாயைத் திறந்தார். அப்போதுதான் ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போட்ட கையெழுத்து. பூட்டு அவர் கண்டுபிடித்தது, அதை இவனுக்குக் கொடுக்க அவருக்கு உரிமை கிடையாது. இன்னொரு பொய் சொல்லலாம். நாளைக்குக் கம்பெனி இவன்மேல் நோட்டீஸ் விடும்.

"கம்பெனிக்காரங்களைக் கேட்டுட்டுச் சொல்றேன்," என்றார்.

"ஓ, கேக்கணுமா?" கண்ணாடியின் கை பெல்ட்டின்மேல் நின்றது. முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவனுக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது என்று மடக்குக்குத் தெரிந்தது. "சரிங்க. கேட்டுட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் பழைய பூட்டே போட்டுக்கறேன். அதுக்கு யாரையும் கேக்க வேண்டியதில்ல."

அண்ணே என்ற சொல் அதில் இல்லை. மடக்கு எழுந்து வெளியே வந்தார். வாசலில் செருப்பைத் தேடி மாட்டும்போது உள்ளே மெஷின் ஓட ஆரம்பித்தது.